காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்?

2025 டிசம்பர் 25, 31 ஆகிய இரண்டு நாள்களும் வண்டியை ஓரம்கட்டும்படி செயலி வழி டெலிவரித் தொழிலாளர்களுக்கு நாடு முழுவதும் அழைப்பு வந்தது. தெலங்கானாவின் கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கமும் செயலி வழிப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் இந்தியக் கூட்டமைப்பும் அழைப்பின் முன்னால் நின்றன. பத்து நிமிட டெலிவரியைக் கைவிட வேண்டும், பழைய கூலி முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், காரணம் சொல்லாமல் ஐடியை பிளாக் செய்யக் கூடாது என்பவை முக்கியக் கோரிக்கைகள். புத்தாண்டு பிறந்ததும், ஸொமேட்டோ, பிளிங்கிட் இரண்டையும் நடத்தும் எட்டர்னல் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி தீபிந்தர் கோயல் ஒரு கணக்கை வெளியிட்டார். டிசம்பர் 31 அன்று மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் 75 லட்சத்துக்கும் அதிகமான ஆர்டர்களைக் கொண்டுசேர்த்தார்கள், இது இதுவரை காணாத உச்சம் என்றார். அன்றைக்கு இன்சென்டிவும் கூட்டித் தரப்பட்டது. வேலைநிறுத்தம் படுத்துவிட்டது என்று பலரும் முடிவுகட்டினார்கள். ஆனால் ஜனவரி நடுவில், ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா நிறுவனங்களோடு பேசியதைத் தொடர்ந்து, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிட வாக்குறுதியை எடுத்துவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் விளங்கும். தொழிலாளர்களால் வியாபாரத்தை நிறுத்த முடியவில்லை. அரசைப் பேசவைக்க முடிந்தது. பேசவைத்துக் கிடைத்தது என்ன என்றால், விளம்பர வாசகத்தில் ஒரு மாற்றம். கூலிச் சீட்டில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. அடுத்த அழைப்பு வரும்போது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் லாக்-இன் செய்வதா வேண்டாமா என்பதைவிட, எதைக் கேட்டு லாக்-அவுட் ஆகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். என் கட்சி இதுதான்: பத்து நிமிடம், ரேட்டிங், இன்சென்டிவ் எல்லாம் பிறகு. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்பதே தலைக் கோரிக்கையாக இருக்க வேண்டும். அதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராயபுரத்தை ஒட்டியிருக்கும் சென்னைத் துறைமுகத்திலேயே அது இருந்தது.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆர்டருக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, இத்தனை ஆர்டர் முடித்தால் மேலே இவ்வளவு என்பதுதான் பொதுவான கூலி முறை. ஓட்டுநரின் பொழுதோ அப்படி நறுக்கென்று பிரிவதில்லை. லாக்-இன் செய்துவிட்டு ஆர்டர் விழும்வரை நிற்க வேண்டும். விழுந்த பிறகு ஓட்டல் வாசலில் சாப்பாடு தயாராகும்வரை நிற்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டர் கிடைக்கக்கூடிய இடத்துக்குக் காலி வண்டியாகத் திரும்ப வேண்டும். ஆர்டர் கணக்கில் வருவது இதில் ஒரு துண்டு. மிச்ச நேரம் யாருடையது? செயலியின் கண்ணில் அது யாருடைய நேரமும் இல்லை. உண்மையில் அந்த நேரம்தான் முழு வியாபாரத்தின் அஸ்திவாரம். வண்டி வேகமாக ஓடுவதால் சாமான் சீக்கிரம் வருவதில்லை, கடைகள் பக்கத்திலேயே இருப்பதால் வருகிறது என்று விரைவு வணிக நிறுவனங்கள் தங்களுக்காக வாதாடுகின்றன. சரி, ஒப்புக்கொள்வோம். கடை பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா? அதன் வாசலில் ஆள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் சரக்குக்கு வாடகை, மின்சாரம், வட்டி எல்லாம் நிறுவனத்துக்குச் செலவு. வாசலில் நிற்கும் ஆளுக்கு மட்டும் செலவே இல்லை. இனாமாகக் கிடைப்பதை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை. அதனால் ஒரு ஜோனில் தேவைக்கு மேல் எத்தனை பேர் லாக்-இன் செய்தாலும் நிறுவனத்துக்கு நல்லதே. நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஆர்டர் குறையும், அவ்வளவுதான்.

வருமானம் எவ்வளவு என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனதே இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆர்டருக்கு 35 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகை 15 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பெரும்பாலானவர்கள் ஆர்டருக்கு 45 ரூபாய்க்கு மேல் பெறுகிறார்கள் என்பது நிறுவனத்தின் பதில். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒன்று அடிப்படைத் தொகை, மற்றது இன்சென்டிவும் சேர்ந்த சராசரி. 2022 செப்டம்பரில் புதிய ஸ்லாட் முறையை எதிர்த்து இதே நகரில் மறுபடி வேலைநிறுத்தம். அப்போதும் இதே கதைதான். எனவே தொழிலாளர் சொல்வதை விட்டுவிட்டு நிறுவனமே தந்த எண்ணை எடுத்துக்கொள்வோம். 2025-இல் ஸொமேட்டோவில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரி வருமானம், டிப்ஸ் நீங்கலாக, 102 ரூபாய் என்றார் கோயல். லாக்-இன் செய்து சும்மா நின்ற நேரத்தையும் சேர்த்த கணக்கு இது. நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் உழைத்தால் சுமார் 26,500 ரூபாய். எரிபொருள், பராமரிப்பு போகக் கையில் சுமார் 21,000 நிற்கும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 மணி நேரம் 26 நாள் என்றால் மாதம் 260 மணி. எண்ணூரில் ஒரு தொழிற்சாலை ஊழியர் நாளைக்கு 8 மணி வீதம் வேலை பார்த்தால் 208 மணிதான் ஆகும். அதற்கு மேல் போனால் ஓவர்டைம், இரட்டைக் கூலி. அதே 208 மணிக்கு டெலிவரிக்காரருக்குச் செலவு போக மிஞ்சுவது சுமார் 17,000 ரூபாய். வண்டிக் கடனின் தவணை அந்தச் செலவுக் கணக்கில் பேசப்படவே இல்லை. இன்னொன்று, இது நாடு முழுதுக்குமான சராசரி. ஆர்டர் குவியும் அண்ணா நகரும் ஆர்டர் சிதறிக் கிடக்கும் எண்ணூரும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன.

வடசென்னையில் இந்தக் கூலி முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் வரிசைகட்டி நிற்பது இப்பகுதியின் தீராத வியாதி. ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்கும் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கேட்டில் நின்ற மணி நேரங்கள் அவர்கள் தலையில். அந்த வரிசைக்கு நடுவே புகுந்து போகும் டூவீலர்காரருக்கும் அதே விதிதான். நின்றால் காசு இல்லை என்று கூலி முறையே சொல்லும்போது, நாற்பது அடி பெட்டிக்கும் மீடியனுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் வண்டியை நுழைக்காதே என்று அறிவுரை சொல்வதில் பெரிய பயன் இல்லை. பத்து நிமிடம் என்ற விளம்பரம் போய்விட்டது, வேகம் போகவில்லை என்றால் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இனி துறைமுகத்துக்கு வருவோம். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். கப்பல் வந்தால் வேலை; வராவிட்டால் பட்டினி. காலையில் வாயிலில் வந்து கூடுவார்கள், மேஸ்திரி ஆள் பொறுக்குவார். மேஸ்திரிக்கு வேண்டாதவனுக்கு அன்று கூலி கிடையாது, அதற்குக் காரணமும் சொல்லப்படாது. கப்பல் எப்போது வரும் என்று தெரியாததால் ஆள் எப்போதும் தேவைக்கு அதிகமாக நிற்க வேண்டியிருந்தது. நிற்பதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. மேஸ்திரி இருந்த இடத்தில் இன்று செயலி. மற்றபடி பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 1931-இல் விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் துறைமுகக் கூலிகளின் இந்த நிலையைப் பார்த்து, அவர்களைப் பதிவேட்டில் ஏற்றி வேலையை முறைப்படுத்தச் சொன்னது. சட்டம் வந்தது 1948-இல். அதன் கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களுக்கு வாரியங்கள் வந்தன. அரசு, தொழிலாளர், முதலாளி மூன்று தரப்பும் அதில் உட்கார்ந்தார்கள். பதிவுபெற்ற தொழிலாளிக்கு முறைவைத்து வேலை. முறைக்கு வந்து நின்றும் வேலை இல்லையென்றால், வந்து நின்றதற்கு ஒரு படி. மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் கூலி என்று ஓர் உத்தரவாதம். செலவுக்குப் பணம், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவ்டோர் கம்பெனிகள் கொடுக்கும் கூலியின் மேல் விதித்த தீர்வையிலிருந்து. நிற்கும் நேரத்துக்கு விலை வைத்த பிறகுதான் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் அவசியம் கம்பெனிகளுக்கு வந்தது.

அந்த வாரியங்கள் குறையே இல்லாதவை என்று சொல்லவில்லை. தேவைக்கு மேல் ஆள், இறுகிய கேங் கணக்கு, பதிவேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கதவடைப்பு என்று புகார்கள் இருந்தன. பிறகு மூட்டை போய் கன்டெய்னர் பெட்டி வந்தது. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வாரியங்களைத் துறைமுகங்களோடு இணைக்க வழிசெய்தது. ஆனாலும் அரை நூற்றாண்டுக் காலம் அன்றாடக் கூலியை நிலையான பிழைப்பாக மாற்றிய ஏற்பாடு அது. பெட்டி வந்ததால் முடிந்ததே தவிர, காத்திருப்புக்குக் கூலி கொடுத்ததால் எந்தத் துறைமுகமும் மூடப்படவில்லை.

மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது, இவர்கள் பகுதி நேரக்காரர்கள், தொழிலாளர் என்று சொல்லவே முடியாது என்பது. இதற்கும் ஸொமேட்டோவின் எண்கள் உண்டு: 2025-இல் ஒருவர் சராசரியாக வேலை செய்தது 38 நாள், 250 நாளுக்கு மேல் உழைத்தவர்கள் 2.3 சதவீதம்தான். இந்தச் சராசரியில், இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனவரும் ஒரு தலை, வருடம் முழுக்க ஓட்டியவரும் ஒரு தலை. கேட்க வேண்டிய கேள்வி, மொத்த ஆர்டர்களில் எத்தனை பங்கை முழு நேரக்காரர்கள் சுமக்கிறார்கள் என்பது. தலைக்கணக்கு அதைச் சொல்லாது. அப்படியே இத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்றால், அது வேலையின் சுதந்திரத்துக்குச் சான்றா, வேலையின் லட்சணத்துக்குச் சான்றா? அந்தக் காலத் துறைமுகத்திலும் வந்துபோகும் கூட்டம் இருந்தது. யார் இதையே நம்பிப் பிழைக்கிறார் என்று பிரித்துக் காட்டியது பதிவேடுதான். ஒன்றிய அரசு 2025 டிசம்பர் கடைசியில் வெளியிட்ட வரைவு விதிகள், ஒரே நிறுவனத்தில் வருடத்துக்கு 90 நாளோ பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாளோ வேலை பார்த்தவர்களுக்கே சமூகப் பாதுகாப்பு என்கின்றன. வரம்பு வைப்பதில் தவறில்லை. ஆனால் நாள்களை எண்ணும் பதிவேடு நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பைத் தொழிலாளர்களே சொல்வார்கள்: நான் நிறுத்தினால் என் இடத்தில் இன்னொருவன் ஓட்டுவான், நிறுத்தி என்ன பயன்? டிசம்பர் 31-இன் கணக்கு இந்தப் பயத்துக்கு ஆதாரம்போலத் தெரியும். ஆனால் உலகத் தொழிலாளர் வரலாற்றின் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்றை நடத்தியவர்கள் இப்படிப்பட்ட, யாரை வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்றிருந்த கூலிகள்தான். 1889 ஆகஸ்டில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் கேட்டது மணிக்கு ஆறு பென்ஸ். கூடவே, வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரக் கூலி. இரண்டாவது கோரிக்கை காத்திருப்பைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் அனுப்பிய நிதி பல வாரம் தாக்குப்பிடிக்க உதவியது, வென்றார்கள். இங்கே 1921-இல் பெரம்பூர் பின்னி ஆலையில் நடந்தது இதற்கு நேர் எதிர்க்கதை. 1918-இலேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஆலை அது. பல மாதம் நீடித்த அந்த வேலைநிறுத்தம் சாதியின் வழியாகத் தொழிலாளர் பிளவுபட்டு, புளியந்தோப்புக் கலவரத்தில் ரத்தம் சிந்தி, எதையும் பெறாமல் முடிந்தது. மாற்று ஆள் கிடைப்பான் என்பதைவிட, நிற்பவர்கள் இரண்டாகப் பிரிவார்கள் என்பதே வேலைநிறுத்தத்தின் பெரிய ஆபத்து. முழு நேரக்காரர், பகுதி நேரக்காரர், கல்லூரி மாணவர், வடமாநிலத்தவர் என்று டெலிவரியில் பிளவுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. லாக்-இன் செய்தவர் எவராயினும் நிற்கும் நேரத்துக்குக் கூலி என்ற கோரிக்கை இவர்கள் எல்லோருக்கும் பொது. இன்சென்டிவைக் கூட்டு என்பது அப்படியில்லை. அது அதிகம் ஓட்டுபவருக்குத்தான்.

சட்டம் இன்னும் பின்னால் நிற்கிறது. பின்னி நிர்வாகம் 1920-இல் நீதிமன்றம் போய், தொழிலாளரை வேலைக்குப் போகாமல் தூண்டக் கூடாது என்று பி.பி. வாடியா முதலான சங்கத் தலைவர்கள்மேல் தடை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தில்தான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. ஆனால் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், கிக் தொழிலாளரை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்று வரையறுத்து, சமூகப் பாதுகாப்பு மட்டும் தருகின்றன. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நிதியாகத் தர வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்ற விதி எழுதப்பட்டிருப்பது தொழிலாளிக்கு. நிறுவனம் 'பார்ட்னர்' என்று அழைப்பவர் வண்டியை நிறுத்தினால் அது வேலைநிறுத்தமா, லீவா? மறுநாள் அவர் ஐடி முடங்கினால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதற்கு எளிய விடை இல்லை. கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த சட்டத்தில், வேலையை விட்டு நீக்குவதற்கு எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அது பக்கத்து வீடு.

மூன்றாவது மறுப்பு கனமானது. காத்திருப்புக்குக் கூலி கொடுத்தால் விலை ஏறும், ஆர்டர் குறையும், வேலை போகும். நியூயார்க் நகரம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல், காத்திருப்பையும் சேர்த்து மணிக்குக் குறைந்தது 17.96 டாலர், 2025 ஏப்ரலில் அது 21.44 ஆனது. நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. கட்டணத்தை ஏற்றின, டிப்ஸ் கேட்கும் இடத்தை மாற்றின, நினைத்த நேரத்தில் லாக்-இன் செய்யவிடாமல் ஆள்களைத் தடுத்தன. கடைசியாகச் சொன்னது சிலருக்குக் கசப்பான அனுபவம்; அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நிற்பதற்குக் காசு என்றவுடன் தேவைக்கு மேல் ஆள் வேண்டாம் என்று நிறுவனமே முடிவுசெய்தது என்றால், அதுவரை எத்தனை பேர் இனாமாக நின்றிருக்கிறார்கள் என்பதும் அதிலேயே தெரிகிறது. டெலிவரி அங்கே நின்றுவிடவில்லை. நம் ஊரில் வாடிக்கையாளர் விலையேற்றம் தாங்கமாட்டார் என்பவர்கள் பிளாட்ஃபார்ம் கட்டணத்தைப் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் ஸொமேட்டோவில் ஆர்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கியது, 2024 அக்டோபரில் 10, 2025 செப்டம்பரில் 12. வாடிக்கையாளர் ஓடிவிடவில்லை.

ஆகவே நிறுத்தலாமா? நிறுத்தலாம், ஆனால் புத்தாண்டு இரவில் வேண்டாம் என்பேன். அன்றைக்கு இன்சென்டிவ் உச்சத்தில் இருக்கும். நிறுத்துபவருக்கு இழப்பு அதிகம், நிறுவனத்துக்கு ஆள் பிடிப்பது எளிது. ஆலை, துறைமுகச் சங்கங்களுக்கு கேட் மீட்டிங் நடத்த ஒரு கேட் இருந்தது. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப். வாசல்களைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. உணவு டெலிவரியில் அப்படி ஒரு வாசல் இல்லை. விரைவு வணிகத்தின் கிடங்குக் கடையான டார்க் ஸ்டோருக்கு உண்டு. 2023 ஏப்ரலில் ஒரு ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 25 ரூபாயிலிருந்து 15 ஆனபோது, டெல்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ஊழியர்கள் வேலையை நிறுத்திப் பல கடைகளை நாள்கணக்கில் மூடவைத்தது அதனால்தான் சாத்தியமானது. சட்டம் கேட்காவிட்டாலும் 14 நாள் முன்னறிவிப்பைத் தாங்களாகவே கொடுத்து, அதன் நகலைத் தொழிலாளர் துறையில் பதிந்து, ஒற்றைக் கோரிக்கையோடு நின்றால், இது கலாட்டா என்று யாரும் தள்ளிவிட முடியாது.

கோரிக்கை போய்ச் சேர வேண்டிய முகவரியும் தெளிவாகவே இருக்கிறது. 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த கிக் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் அமைந்துவிட்டது. மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியத்தை 2025-26 பட்ஜெட் அறிவித்தது. அண்ணா நகரில் மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தது. இவை எல்லாம் நல்லவை. நிற்பவருக்கு நிழல் கிடைத்திருக்கிறது, நின்றதற்குக் கூலிதான் இன்னும் இல்லை. இத்தகைய வாரியங்களுக்கு அடிப்படையான 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் பணி நிலைமைகளை முறைப்படுத்தவே இயற்றப்பட்டது. நல உதவியோடு நின்றுவிடுவதற்காக இல்லை. துறைமுகத்துக்கு 1931-இல் சொன்னது 1948-இல் சட்டமாயிற்று, பதினேழு வருடம். இந்த முறை அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜோனிலும் லாக்-இன் நேரம் எவ்வளவு, ஆர்டரில் இருந்த நேரம் எவ்வளவு, கொடுத்த தொகை எவ்வளவு என்ற கணக்கை நிறுவனங்களிடம் வாரியம் மாதாமாதம் கேட்டு வாங்கி வெளியிடட்டும். திருவொற்றியூரில் ஒருவர் எத்தனை மணி நேரம் இனாமாக நிற்கிறார் என்று பிறகு யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது. அந்த எண்கள் ஒவ்வொரு நிமிடமும் நிறுவனங்களின் சர்வரில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.